கோட்டுக்குள்ளே அம்மா கிடையாது

எல்லோரும் அவளைக் கோச்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். யாரோ கோச் என்று ஆரம்பிக்க, மரியாதை போதவில்லை என்று வேறு யாரோ அம்மாவை ஒட்டவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அவளிடம் கூடைப்பந்து பழகும் பெண்கள், அவர்களுடைய பெற்றோர், உள்ளரங்கத்தின் காவலாளி, தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் அவள் கோச்சம்மா. ஒரே ஒருத்தி மட்டும் வெறும் ‘கோச்’ என்றாள். அவள் கோச்சம்மாவின் சொந்த மகள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவளும் கோச்சம்மாதான். மகள் அணியில் சேர்ந்த முதல் நாள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவளின் எதிரே போய் நின்று, களத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

“இந்தக் கோட்டுக்குள்ள வந்துட்டா நான் உனக்கு அம்மா கிடையாது. புரியுதா?”

“புரியுது.”

“புரியுது, என்ன?”

“புரியுது, கோச்.”

சுற்றி நின்ற பெண்களுக்குக் கேட்க வேண்டும், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே உரக்கச் சொன்னாள். பெண்களும் போய்ச் சொன்னார்கள். ஆனால் பெற்றோர் காதில் ஏறியது, “கோச்சம்மா தன் பொண்ணைச் சேத்துட்டாங்களாம்” என்ற முதல் பாதி மட்டும்தான்.

கோச்சம்மாவுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. அவள் ஆடிய காலத்தில் அவளுடைய பயிற்சியாளர் தன் அண்ணன் மகளைத்தான் இறக்குவார். அந்தப் பெண்ணுக்குப் பந்தைப் பிடிக்க வராது. பந்து முகத்தில் பட்டால் பந்தின் மேல் கோபித்துக்கொள்வாள். கோச்சம்மா ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். நாம் என்றைக்காவது பயிற்சி கொடுக்க வந்தால் சொந்தத்துக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது என்று அந்தப் பெஞ்சில் வைத்து முடிவு செய்தாள். நல்ல முடிவுதான். அதற்கு வட்டி கட்ட ஒரு மகள் பிறப்பாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மகள் நன்றாக ஆடினாள். அதுதான் சங்கடம். சுமாராக ஆடியிருந்தால் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளோ பந்து எங்கே வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்ததுபோல் போய் நின்றாள். கோச்சம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். மற்றவர்களைவிட மகள் கூடுதலாக ஓட வேண்டும். பந்துப் பையைச் சுமப்பது மகள். தரையில் வியர்வை சிந்தினால் துடைப்பது மகள். ஆட்டத்தில் முதல் ஐந்து பேரில் அவள் இருக்க மாட்டாள். ஆட்டம் கையைவிட்டுப் போகும்போது மட்டும், பெஞ்சின் கடைசியைப் பார்க்காமலே, “பதினாலு, இறங்கு” என்பாள் கோச்சம்மா. பதினாலு என்பது மகளுடைய பனியனில் இருந்த எண். களத்தில் அதுதான் அவளுக்குப் பெயர்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அணியிலேயே நெட்டையான பெண்ணுக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். கொக்கின் அப்பா பல் டாக்டர், பெற்றோர் குழுவுக்குத் தலைவர். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். தன் வாயை மூடிப் பழக்கமில்லை.

“பொண்ணை ஒளிச்சு வச்சிருக்காங்க. கடைசி நேரத்துல இறக்கினாதான பேர் கிடைக்கும்? விவரமானவங்க” என்று அவர் வண்டி நிறுத்துமிடத்தில் சொன்னது, அன்று மாலையே கோச்சம்மாவின் காதுக்கு வந்தது.

அதோடு மகளின் பாடு திண்டாட்டமானது. கொக்கு பந்தைத் தவறவிட்டால், “பதினாலு, நீ ஏன் சத்தம் குடுக்கல?” பந்தை நடத்திக்கொண்டு போகும் குட்டைப் பெண் சுண்டெலி, அவள் ஆளில்லாத இடத்துக்கு எறிந்தால், “பதினாலு, நீ ஏன் அங்க போகல?” பயிற்சி நடுவே மின்சாரம் போய் அரங்கம் இருண்டபோதுகூட, பழக்க தோஷத்தில் “பதினா…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அணி முன்னேறியது. தப்புக்குப் பயந்து கைகால் நடுங்கிக்கொண்டிருந்த பெண்கள், தாங்கள் என்ன செய்தாலும் திட்டு வேறொருத்திக்குப் போகிறது என்று தெரிந்ததும் துணிந்து ஆட ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து எறிந்து பார்த்தார்கள். இடது கையால் முயன்றார்கள். ஒருத்தி விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அந்த வருடம் கோப்பை அவர்களுக்கு வந்தது. அரங்கத்தின் சுவரில் ‘ஓர் அணி, ஒரு குடும்பம்’ என்று ஆளுயர எழுத்தில் எழுதவைத்தாள் கோச்சம்மா. கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து அழைப்பும் வந்தது: இளம் பயிற்சியாளர்களுக்கான முகாமில், ஒற்றுமையான அணியை உருவாக்குவது எப்படி என்று அவள் வந்து பேச வேண்டும்.

அழைப்பு வந்த வாரத்தில்தான் மகள் சாப்பாட்டு மேசையில் அந்தச் செய்தியைச் சொன்னாள். தட்டிலிருந்து நிமிரவில்லை.

“நான் வேற கிளப்புக்குப் போறேம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அங்க.”

கோச்சம்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “அங்கயா? ஒட்டகத்துக்கிட்டயா?”

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்பின் பயிற்சியாளர் பனைமரத்து உயரம். நடக்கும்போது கழுத்து முன்னால் போய்விட்டு உடம்பு பின்னால் வரும். அதனால் அவருக்கு அந்தப் பெயர்.

“ஆமா.”

“அது எப்படி? பெத்தவங்க கையெழுத்து வேணுமே.”

“அப்பா போட்டுட்டாரு.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், மற்றவர்கள் கைதட்டும்போது தானும் தட்ட வேண்டும் என்பதுதான். அவர் இப்போது உப்பு டப்பாவை எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“கேட்டா. போட்டேன்” என்றார். “ஏறுற லிஃப்டுல எடை அதிகமானா மணி அடிக்கும். அடிச்சும் இறங்கலைன்னா கயிறுதான் போகும்.”

“நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்குத் தெரிஞ்ச தொழில்ல சொன்னேன்.”

கோச்சம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் எந்தக் கோபத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. கோச்சாகக் கோபப்பட்டால், பெஞ்சில் உட்காரும் பெண் போவதால் என்ன நஷ்டம் என்ற கேள்வி வரும். அம்மாவாகக் கோபப்படலாம் என்றால், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். “சரி, தட்டைக் கழுவி வை” என்று மட்டும் சொன்னாள். மகள் கழுவி வைத்தாள்.

மகள் இல்லாத முதல் பயிற்சியிலேயே கொக்கு ஒரு பந்தைத் தவறவிட்டாள். கோச்சம்மாவின் கண் வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே யாருமில்லை. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்க முடியாமல் கொக்கின் பக்கமே திருப்பிவிட்டாள். பெரிய திட்டொன்றும் இல்லை. மகள் தினம் வாங்கியதில் கால்வாசி. கொக்கு களத்தின் நடுவில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதாள். மறுநாள் பல் டாக்டர் வந்தார்.

“வீட்டுல நாங்க ஒரு சொல் சொன்னதில்ல கோச்சம்மா. பொண்ணு ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறா. எனாமல் தேஞ்சிடும்.”

அடுத்தது சுண்டெலியின் முறை. அவள் அழவில்லை, எறிவதையே நிறுத்திவிட்டாள். பந்து கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளினாள். அவளும் சூட்டுப் பாத்திரத்தைத் தொட்டதுபோல் அடுத்தவளிடம் தள்ளினாள். கோப்பை வாங்கிய அணி, சுவரில் எழுதிய குடும்பத்தின் கீழே, யார் வீட்டுப் பந்து என்று தெரியாததுபோல் நின்றது. விழுந்தவளை யாரும் தூக்கவில்லை. விழுந்தவள்தானே தப்பு செய்தவள்; கிட்டே போனால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சுண்டெலியைக் கோச்சம்மா நிறுத்தினாள்.

“என்னடி ஆச்சு உங்களுக்கெல்லாம்? போன வருஷமும் இதே வாய்தான, இதே திட்டுதான?”

சுண்டெலி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யோசித்தாள். “போன வருஷம் எங்களை எங்க திட்டினீங்க? அவளைத்தான திட்டினீங்க.”

“உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன். புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“எங்களுக்கு ஒண்ணும் புரியாது கோச்சம்மா. துணி மாத்துற ரூம்ல அவதான் வந்து சொல்லுவா. ‘சத்தம் குடுக்கலன்னு சொன்னாங்களே, அது உனக்குடி, பந்து வர்றப்ப முட்டியை மடக்கு, அவ்வளவுதான்’னுவா. கொக்குக்கு ஒரு நாள் பூரா காட்டிக் குடுத்தா. நீங்க சொல்றதை அவதான் எங்க பாஷைல சொல்லுவா.”

“அவளுக்குக் கோபமே வராதா?”

“வரும். எங்க மேல வராது.”

கோச்சம்மா விசிலைக் கழற்றிப் பையில் போட்டாள். வீட்டுக்குப் போய் மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மகள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். “புதுப் பயிற்சி எப்படி?” என்று கோச்சம்மா கேட்டாள். “நல்லா இருக்கும்மா” என்றாள் மகள். அதற்கு மேல் இருவருக்கும் வழி தெரியவில்லை.

முகாமில் பேசும் நாளும் வந்து சேர்ந்தது. அழைப்பை மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடப் போய்ப் பேசிவிடுவது சுலபமாக இருந்தது. ஒற்றுமையான அணியை உருவாக்குவது எப்படி என்று கோச்சம்மா மேடையில் நின்று பேசினாள். ஒவ்வொரு பெண்ணும் பயமில்லாமல் தப்பு செய்ய ஓர் இடம் வேண்டும் என்றாள். இளம் பயிற்சியாளர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்த இடம் தன் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. கைதட்டல் நன்றாகவே கிடைத்தது.

தேநீர் இடைவேளையில் ஒட்டகம் வந்தார். முதலில் கழுத்து வந்தது, பிறகு கையில் கோப்பையோடு அவர் வந்தார்.

“நல்லாப் பேசினீங்க. உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“உங்க பொண்ணு தங்கம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு விஷயம். எங்க அணியில யார் தப்பு பண்ணாலும் அவதான் கையைத் தூக்குறா. பந்து அந்த மூலைல போச்சு, இவ இந்த மூலைல நிக்கிறா, ‘சாரி, என் தப்பு’ங்கிறா. நேத்து நான் தப்பா விசில் ஊதிட்டேன். அதுக்கும் சாரி சொன்னா. மத்த பொண்ணுங்க சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல.” அவர் தேநீரை ஊதினார். “அதை எப்படி நிறுத்துறது? நீங்க பழக்கினவங்க, உங்களுக்குத் தெரியும்னு கேட்டேன்.”

அந்த மனிதர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று நின்றார். அதனால்தான் தாங்க முடியவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கோச்சம்மா கைகழுவும் இடத்துக்குப் போய், கழுவ ஒன்றுமில்லாத கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

இரண்டு கிளப்புகளுக்கும் ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரங்கத்தில் நடந்தது. பெற்றோர்கள் வாடகை வண்டி பிடித்து வந்திருந்தார்கள். மெக்கானிக் அப்பா எந்தப் பக்கம் உட்காருவது என்று புரியாமல், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், தீயணைக்கும் கருவிக்குக் கீழே இடம் பிடித்தார்.

ஆட்டத்துக்கு முன்னால் கோச்சம்மா தன் பெண்களைக் கூப்பிட்டு வைத்து, இந்த ஆட்டத்தில் யாரையும் திட்டப்போவதில்லை என்று சொன்னாள். அவர்கள் அதற்குப் பயந்துவிட்டார்கள். ஆனால் சொன்னபடியே அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் மெல்லத் தைரியம் வந்து, கொக்கு பழைய கொக்காகத் துள்ள ஆரம்பித்தாள். மகளை மறித்துக்கொண்டு நிற்கும் வேலை சுண்டெலிக்கு. உயரத்தில் பாதி இருந்தாலும் காலுக்குள் காலாகச் சுற்றினாள். ஆட்டம் இழுபறியாகவே கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. மகளின் தோழி ஒருத்தி கூடைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் பந்தை எறிந்தாள். அங்கே யாருமில்லை. பந்து நேராகக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. எறிந்தவள் தலையில் கைவைத்தாள். மகள் கையைத் தூக்கினாள். “சாரி, என் தப்பு” என்று அவள் உதடு அசைந்தது எதிர்ப்பக்கத்துப் பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

கோச்சம்மா எழுந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பந்து மறுபடி ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. சுண்டெலி அதைத் தட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். கோச்சம்மா வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் போய் நின்று, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“அது உன் தப்பு இல்லடி! கையை இறக்கு! கண்ணு, அது உன் தப்பு இல்ல!”

அந்தக் களத்தில் யாரும் யாரையும் கண்ணு என்று கூப்பிட்டது கிடையாது. சுண்டெலி பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நடுவர் விசிலை ஊதினார். நல்ல மனிதர், பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மேடம், நீங்க உங்க அணிக்குத்தான் கோச். அது எதிரணிப் பொண்ணு.”

“தெரியும். என் பொண்ணு.”

“அது விதியில வராதுங்க” என்று சொல்லி, இரண்டு கைகளையும் டி எழுத்தாக வைத்துக் காட்டினார். ஆட்டம் நடக்கும்போது களத்துக்குள் நுழைந்து இடைஞ்சல் செய்த குற்றம். தண்டனையாக எதிரணிக்குத் தடையில்லாமல் ஓர் எறி. யார் எறிய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஒட்டகம் தன் பெண்களைப் பார்த்து, பெரிதாக யோசிக்காமல், மகளைக் காட்டினார். மகளின் முகம் காது வரை சிவந்திருந்தது. எறிந்தாள். பந்து வலையைத் தவிர வேறு எதையும் தொடாமல் விழுந்தது.

தீயணைக்கும் கருவிக்குக் கீழே ஒருவர் மட்டும் யாருக்காகவும் காத்திராமல் கைதட்டினார்.

கோச்சம்மாவின் அணி மூன்று புள்ளியில் தோற்றது. மற்ற இரண்டு புள்ளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டி ஏறும் இடத்தில் பல் டாக்டர் ஒரே வரியில் வழக்கை முடித்தார். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா? பாசம் எங்க போகும்?” இத்தனை வருடம் சொந்த மகளைப் பந்தைப் போலத் தட்டித் தட்டிக் கோச்சம்மா சேர்த்துவைத்த நியாயஸ்தி என்ற பெயர், ஒரு ‘கண்ணு’வில் போய்விட்டது.

வார இறுதியில் கிளப்பின் குழு கூடியது. குற்றச்சாட்டு, மகளுக்குச் சலுகை காட்டியது. மகள் வேறு அணியில் இருப்பது குற்றத்தை இன்னும் பெரிதாக்கியது. பல் டாக்டர் வருத்தத்தோடுதான் பேசினார்.

“யாருக்குத்தான் பிள்ளைப் பாசம் இல்ல? ஆனா பொறுப்புல இருக்கிறவங்க அதைக் கொஞ்சம் அடக்கிக் காட்டணும் கோச்சம்மா. நீங்க ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் செல்லம் குடுத்துட்டீங்க.”

கோச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றினாள். பெரிய பெண்களின் அணியை உதவிப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிட்டு, அவளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னாள். சொன்னபோது அது பொய் இல்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் மெக்கானிக் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். மகள் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்த நாளிலிருந்து அவள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை.

“மாத்திட்டாங்க” என்றாள் கோச்சம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “இனிமே குட்டிப் பசங்களுக்குத்தான்.”

மகளின் கத்தி நின்றது. “என்னாலயா?”

“பாரு, இதைத்தான் சொல்றேன். எதுக்கெடுத்தாலும் என்னால, என்னாலன்னு. அன்னைக்கும் அப்படித்தான். அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு எறியுறா, நீ கையைத் தூக்குற.”

“அம்மா.” மகள் கத்தியைக் கீழே வைத்தாள். “அது என் தப்புதாம்மா.”

“இல்லவே இல்ல.”

“நான்தான் அங்க ஓடியிருக்கணும். நாங்க பேசி வச்ச ஆட்டம் அது. நான் பாதில நின்னுட்டேன். அவ சரியாத்தான் எறிஞ்சா. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

கோச்சம்மா அந்தக் கணத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். எறிந்தவள் நின்ற இடம், காலியாக இருந்த இடம், மகள் நின்ற இடம். இருபது வருடமாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மகள் சொல்வது சரி. சந்தேகமே இல்லாமல் மகளின் தப்பு. ஆட்டம் முழுக்க அவள் பந்தைப் பார்க்கவில்லை, மகளின் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சரி, ஏன் நின்ன?” என்றாள் கொஞ்சம் பலவீனமாக.

மகள் தயங்கினாள். “சுண்டெலி காதுகிட்ட வந்து, ‘உங்கம்மா சட்டையை உள்பக்கம் வெளிய போட்டுட்டு வந்திருக்காங்க பாரு’ன்னா. திரும்பிப் பாத்துட்டேன்.”

“உள்பக்கமா? நானா?”

“இல்ல. பொய். ஏமாத்திட்டா.”

அடுப்புப் பக்கம் மெக்கானிக்கின் தோள் குலுங்கியது. கோச்சம்மாவுக்கு மெல்ல விளங்கியது. தன் அணியின் சிறிய பெண் ஒரு பெரிய வேலை செய்து பந்தைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். நடுவில் புகுந்து அதைக் கெடுத்தது அணியின் பயிற்சியாளர்.

“அந்தச் சுண்டெலிக்கு இவ்வளவு மூளையா? நான் இதெல்லாம் சொல்லிக் குடுத்ததில்லையே.”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் மகள். “போன வருஷம். மறிக்கிறப்ப வாயையும் உபயோகிக்கணும்னு.”

“கேவலமான பழக்கம்.”

“வேலை செஞ்சுதுல்ல?”

“செஞ்சுது. ஆனா நீயே சொல்லிக் குடுத்துட்டு நீயே எப்படி மாட்டின? அவ பேசினா உன் கால் ஏன் நிக்குது? காது கேக்கட்டும், கால் ஓடணும்.”

“நின்னது ஒரு நொடிம்மா.”

“ஒரு நொடியா? நல்லா நின்ன. மரம் மாதிரி நின்ன.”

“இப்பதான் என் தப்பு இல்லன்னு சொன்ன.”

“அது முன்னாடி” என்றாள் கோச்சம்மா. வெங்காயத் தட்டை இடக்கையால் நகர்த்திவிட்டு எழுந்தாள். “வா, வராந்தாவுக்கு வா. எங்க நின்னேன்னு காட்டு. என்னங்க, நீங்களும் வாங்க, ஒரு ஆள் குறையுது.”

“முட்டை ஆறிடும்” என்றார் அவர், அடுப்பை அணைத்துக்கொண்டே.